கஞ்சி நிற்காத கேழ்வரகு

ஒரு மூட்டை கேழ்வரகு ஏன் செத்துப்போனது என்று விசாரிக்க ஸ்காட்லாந்திலிருந்து திருச்சிக்கு வந்து இறங்கிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். விமான நிலையத்தில் எனக்கு முன்னால் நின்றவர்கள் டிவி, போர்வை, சாக்லேட் என்று வண்டி வண்டியாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். என் பெட்டியில் இருந்தது இரண்டு வெப்பமானியும், ஒரு டப்பா கேழ்வரகும். சுங்கத்தில் இருந்தவர் டப்பாவைத் திறந்து பார்த்தார்.

"இது என்னங்க?"

"கேழ்வரகு சார்."

"எங்கேருந்து எடுத்துட்டு வர்றீங்க?"

"ஸ்காட்லாந்து."

"அங்க விளையுதா?"

"இல்ல சார், பொன்மலையில வாங்கினது."

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார், டப்பாவை ஒரு தரம் பார்த்தார், கையை ஆட்டிப் போகச் சொல்லிவிட்டார். பின்னால் பெரிய வரிசை காத்திருந்தது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் சேலத்துக்காரி. வாழ்க்கைப்பட்டது ஸ்காட்லாந்தின் வடக்குக் கடலோரத்தில் ஒரு சிற்றூரில். அங்கே ஹேமிஷ் என்பவர் நடத்தும் சின்ன பீர் பட்டறையில் வேலை பார்க்கிறேன். பீருக்கு அடிப்படை மால்ட். தானியத்தை ஊறவைத்து, முளைகட்டி, முளை நீளுவதற்குள் காயவைத்தால் அதுதான் மால்ட். முளைவிடும்போது தானியத்துக்குள் ஒரு நொதி உண்டாகிறது. அது மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். சர்க்கரை இருந்தால் ஈஸ்ட் சாப்பிடும். ஈஸ்ட் சாப்பிட்டால் பீர். எல்லா ஊரிலும் இதற்குப் பார்லிதான்.

ஹேமிஷின் மனைவி மொய்ராவுக்குப் பார்லி ஆகாது. ஒரு வாய் உள்ளே போனாலும் இரண்டு நாள் படுக்கைதான். பட்டறையின் முன்பக்கத்தில் இருக்கும் குடிக்கும் கூடத்தை நடத்துவது அவர்தான். ஊருக்கெல்லாம் பீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, வருஷக்கணக்காகத் தான் மட்டும் ஆப்பிள் ஜூஸ் குடித்துக்கொண்டிருக்கிறார். ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றவள், பார்லி கலக்காமல் முழுக்க முழுக்கக் கேழ்வரகில் பீர் போடலாமே என்று வாயை விட்டுவிட்டேன். வாயை விட்டவளே மால்ட்டும் கொண்டுவர வேண்டும் என்று ஆகிவிட்டது.

திருச்சி பொன்மலையில் முளைகட்டிய கேழ்வரகு மாவு விற்கும் ஜெசிந்தா என்பவரைத் தெரிந்தவர்கள் மூலம் பிடித்தேன். அரைக்காமல் முழுத் தானியமாக ஒரு மூட்டை அனுப்பினார். பிரித்தபோது பட்டறை முழுக்க வாசம். ஆனால் வெந்நீரில் கலந்து எத்தனை நேரம் வைத்தும் ஒரு துளி இனிப்பு இறங்கவில்லை. அண்டாவில் களிதான் இருந்தது. ஹேமிஷ் அதிகம் பேசாதவர். அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "வாசனை சொர்க்கம். உள்ளே ஆள் இல்லை." மூலையில் இருக்கும் சின்னத் தொட்டியை எனக்காக இன்னும் கொஞ்ச நாள் காலியாக வைத்திருப்பதாகவும், அதற்குள் உயிருள்ள கேழ்வரகு வராவிட்டால் வழக்கமான பார்லியைப் போட்டுவிடுவதாகவும் சொன்னார். மொய்ரா கிளாஸைத் துடைத்துக்கொண்டிருந்த விதம்தான் என்னை விமானம் ஏற்றியது.

தங்குவதற்கு ஸ்ரீரங்கத்தில் இடம் கிடைத்தது. என் கல்லூரித் தோழியின் மாமா வரதன், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். மாமி மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தார். எதற்கு வந்திருக்கிறேன் என்பதை மறைக்கக் கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டேன்: பீர் போட மால்ட் வாங்க வந்திருக்கிறேன், முளைகட்டிய தானியம் வீட்டுக்குள் வந்தாலும் வரும்.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பீரோ என்னமோ, அது நீ அங்க போய்ப் பண்ணிக்கற விஷயம். இந்த ஆத்துக்குள்ள வெங்காயம் மட்டும் வரப்படாது."

"வராது மாமா."

"பூண்டும்."

நான் தங்கியிருந்த நாட்களெல்லாம் அந்த வீட்டில் பீரைப் பற்றித் தாராளமாகப் பேசினோம். ஆனால் பொன்மலையில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போதெல்லாம் தெருமுனைக் கடையில் ஏலக்காய் வாங்கி மென்றுகொண்டுதான் படியேறுவேன்.

மறுநாள் காலையில் கோயில் பக்கம் நடந்தேன். எங்கள் ஸ்காட்லாந்து ஊரில் காலை ஆறு மணிக்குத் தெருவில் இறங்கினால் ஒரு நாயும் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதரும் இருப்பார்கள், இரண்டு பேருமே பேச மாட்டார்கள். இங்கே ஒரு வீதி முழுக்க இட்லி, பூ, பால், மைக்செட். ஆந்திராவிலிருந்து வந்த ஒரு அம்மா, அடுத்தடுத்து வந்த கோபுரங்களைப் பார்த்துக் களைத்துப்போய்த் தன் கணவரிடம் தெலுங்கில் கேட்டது எனக்குப் புரிந்தது: "இந்த ஊரில் கோயிலுக்கு வெளியே யாராவது இருக்கிறார்களா?" அவர் செருப்பு விட்ட இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே பொன்மலைக்குப் போனேன். ரயில்வே குடியிருப்புகளைத் தாண்டி ஒரு குறுக்குத் தெருவில் ஜெசிந்தா அக்கா வீடு. கணவர் ஆரோக்கியசாமிக்கு ரயில்வே பட்டறையில் ஃபிட்டர் வேலை. அக்காவுக்குக் கடிகாரம் வேண்டியதில்லை, அந்தப் பட்டறையில் ஊதும் பொன்மலைச் சங்குதான் எல்லாம்.

"காலைச் சங்குக்கு ஊற வெச்சுடுவேன். மத்தியானச் சங்குக்குத் தண்ணி மாத்துவேன். சாயங்காலச் சங்குல வடிச்சு, வேட்டித் துணியில கட்டிருவேன்" என்றார்.

"ஞாயித்துக்கிழமை சங்கு கிடையாதே அக்கா?"

"அன்னைக்குக் கேழ்வரகுக்கும் லீவு."

ஸ்காட்லாந்தில் மால்ட் போடும் கூடத்தில் கணினித் திரைகளுக்கு நடுவே ஒருவர் உட்கார்ந்து ஈரப்பதம் பார்த்துக்கொண்டிருப்பார். இங்கே அக்கா துணி மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்து, "ம், வெதுவெதுன்னு இருக்கு, பேசுது" என்றார். என் வெப்பமானியை விட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் பேசியது.

காயவைக்க ஆரோக்கியசாமி அண்ணன் ஒரு பெட்டி செய்திருந்தார். பழைய இரும்பு பீரோ, உள்ளே கம்பி வலைத் தட்டுகள், அடியில் இரண்டு குண்டு பல்பு, மேலே ஒரு டேபிள் ஃபேனின் தலை. அதை விளக்கும்போது அண்ணன் ஒரு இன்ஜினையே விளக்குகிற தோரணைக்குப் போய்விட்டார். "இதோட கெப்பாசிட்டி" என்று ஆரம்பித்தவர், சாப்பாடு ஆறுகிறது என்று அக்கா இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் கதவைச் சாத்தினார். நான் ஒவ்வொரு தட்டிலும் சூடு பார்த்தேன். கையில் பிடிக்கலாம் போல மிதமான சூடு. நொதியைக் கொல்லுகிற சூடு அங்கே எங்கேயும் இல்லை.

மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே விசாரணையைத் தொடர்ந்தேன். "காய்ஞ்ச பிறகு அக்கா?"

"காய்ஞ்ச பிறகு என்ன, முறத்துல போட்டுத் தேய்ச்சு முளையைப் புடைச்சு எடுத்துட்டு, மூட்டை கட்டிருவோம்."

"வேற ஒண்ணும் செய்யறதில்லையே?"

"வேற என்னங்க செய்யறது? உங்க ஊரு தண்ணியிலதான் ஏதோ கோளாறு."

அன்று மாலை மாமாவிடம் இதைச் சொன்னேன். அவர் உடனே தீர்ப்பு சொல்லிவிட்டார். "ஸ்காட்லாந்து ஜலத்துக்கு என்ன கேடு? பொன்மலை ஜலம்தான் காரணம். இங்க காவேரில ஊறப்போட்டுப் பாரு, எப்படி வர்றதுன்னு." நான் இரண்டு பக்கத்துத் தண்ணீருக்கும் தலையை ஆட்டிவைத்தேன்.

எனக்காக அக்கா புதிதாக ஒரு மூட்டை கேழ்வரகை முளைகட்டத் தொடங்கியிருந்தார். வேட்டித் துணியை அவிழ்த்தபோது குட்டிக்குட்டியாக வெள்ளை முளைகள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் தானியம் ஊறி உப்பியதும் அண்ணனின் பீரோவில் முக்கால்வாசிதான் கொண்டது. மிச்சம் அப்படியே கிடந்தால் புளித்துவிடும். அக்கா வீட்டு மாடியில் தென்னை மர நிழல், வெயிலே விழாது. மாமா வீட்டு மொட்டைமாடியில் வெயில் வீணாகப் போகிறதே என்று யோசித்து, மிச்சத்தை இரண்டு பைகளில் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அது புத்திசாலித்தனமில்லை. பாலக்கரை வருவதற்குள் பைகள் ஒழுக ஆரம்பித்தன. தண்ணீர் இருக்கைக்கு அடியில் ஓடி, பூக்கூடை வைத்திருந்த ஒரு அம்மாவின் காலைத் தொட்டது. அவர் காலைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

கண்டக்டர் வந்தார். "உங்களுக்கு டிக்கெட் இல்ல, பெண்களுக்கு ஃப்ரீ. அதுக்கு லக்கேஜ் போடணும். பையில என்ன, மீனுங்களா?"

"கேழ்வரகுங்க."

"கேழ்வரகு எதுக்குங்க ஒழுகுது?"

"முளைகட்டியிருக்கேன்."

"எங்க போறீங்க?"

"ஸ்ரீரங்கம்."

பின்சீட்டில் இருந்த ஒரு பெரியவர் அவரிடம் என் சார்பில் வாதாடினார். "சர்க்கரை வியாதிக்கு நல்லதுப்பா, விட்டுடு." பூக்கார அம்மா குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, மீன் இல்லை என்று சாட்சி சொன்னார். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வந்து சேர்வதற்குள் முளைகட்டுவதற்கு வேட்டித் துணி நல்லதா, பருத்திச் சேலை நல்லதா என்று பாதி பஸ் பேசிக்கொண்டிருந்தது. லக்கேஜை எல்லோரும் மறந்துவிட்டார்கள். எங்கள் ஊர் பஸ்ஸில் இது நடந்திருந்தால் ஒருவரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள், மறுநாள் பஸ் கம்பெனிக்கு நாலு புகார் போயிருக்கும்.

மாமா மொட்டைமாடியில் பாயை விரித்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் கேழ்வரகை விட்டு நகரவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு, மடியில் செய்தித்தாளோடு உட்கார்ந்து, அணிலையும் புறாவையும் பெயர் சொல்லாத குறையாக விரட்டினார். ஸ்ரீரங்கத்து வெயிலுக்கு அது சீக்கிரமே சலசலவென்று காய்ந்துவிட்டது. பக்கத்து மாடியில் இருந்தவர் என்ன என்று கேட்டபோது, "மால்ட்" என்று ஏதோ பேரனைப் பற்றிச் சொல்கிறவர் மாதிரி சொன்னார்.

அந்தக் காய்ந்த தானியத்தில் கொஞ்சம் தனக்குக் கஞ்சிக்கு வேண்டுமென்று கேட்டார். மாமி போனதிலிருந்து பிரசாதத்திலும் மெஸ்ஸிலும் வண்டி ஓடிக்கொண்டிருந்தது, பாவம். எடுத்துக்கொள்ளச் சொன்னேன். மறுநாள் காலையில் மிக்ஸி சத்தம் கேட்டது. அதற்கப்புறம் ரொம்ப நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு மாமாவின் குரல்.

"கவிதா, இங்க வா. நீ ஏமாந்துட்டே."

அடுக்களைக்குப் போனேன். மாமா கரண்டியால் பாத்திரத்தில் இருந்ததை மேலே தூக்கி ஊற்றிக் காட்டினார். தேநீர் மாதிரி ஓடியது.

"கூழாட்டம் கெட்டியா வந்தது, கண்ணால பார்த்தேன். எனக்கு அடுப்புன்னா பயம், சிம்ல வெச்சுட்டுப் பேப்பர் படிக்கப் போனேன். வந்து பார்த்தா ஜலம். சர்க்கரையும் போடலை, ஆனா தித்திக்கறது. கேழ்வரகு கெட்டுப்போயிருக்கு."

நான் கரண்டியை வாங்கி ஒரு வாய் குடித்தேன். இனிப்பு. நல்ல, சுத்தமான இனிப்பு. மாமாவின் மெல்லிய சூட்டில் நொதி உட்கார்ந்து அத்தனை மாவையும் சர்க்கரையாக்கியிருந்தது. எங்கள் அண்டாவில் நடக்காதது இங்கே ஒரு சின்னப் பாத்திரத்தில், செய்தித்தாள் படிக்கிற நேரத்தில் நடந்திருந்தது.

"மாமா, இது கெடலை. இதுக்குத்தான் நான் ஸ்காட்லாந்துலேருந்து வந்தேன்."

"இந்த ஜலத்துக்கா?" என்றார் மாமா, என் மூளையின் நிலையைப் பற்றிய கவலையோடு.

அப்படியென்றால் தானியத்தில் பழுதில்லை, தண்ணீரில் பழுதில்லை, முளையிலும் பழுதில்லை. ஒரே கேழ்வரகு, ஒரே துணி. பொன்மலையில் காய்ந்த பிறகுதான் அதற்கு ஏதோ நடக்கிறது. பீரோவில் இருந்த முக்கால் மூட்டை இந்நேரம் காய்ந்திருக்கும். ஜெசிந்தா அக்காவுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மாமா அரைத்த மாவில் கொஞ்சத்தை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு ஓடிப்போய் ஆட்டோ பிடித்தேன்.

திருவானைக்காவலில் ஆட்டோ நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "கேஸ் தீர்ந்துருச்சுங்க, ரெண்டு நிமிஷம்" என்று எங்கேயோ நடந்து போனார். அந்த இரண்டு நிமிஷத்தில் எனக்கு முன்னால் நாலு பஸ் போனது. ஏறியிருக்கலாம். ஆனால் அவர் திரும்பி வந்து வண்டியில் ஆள் இல்லாமல் பார்ப்பாரே என்று நின்றேன். இந்த ஊர் பழக்கம் எனக்கும் ஒட்டிவிட்டது.

பொன்மலையில் அக்கா வீட்டுத் தெருவுக்குள் திரும்பியதுமே தெரிந்துவிட்டது. தெரு முழுக்க அந்த வாசம். எங்கள் பட்டறையில் மூட்டையைப் பிரித்தபோது வந்த அதே சொர்க்க வாசம். உள்ளே போனால், பெரிய இரும்பு வாணலியில் கேழ்வரகைப் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தார் அக்கா. பக்கத்தில் ஏற்கெனவே வறுத்துக் கொட்டிய குவியல். பீரோ காலி.

"அக்கா!" என்று கத்திவிட்டேன். "ஏன் வறுக்கறீங்க? வேற ஒண்ணும் செய்யறதில்லைன்னீங்களே?"

அவருக்கு என் கோபமே புரியவில்லை. "இதைப் போய் யாராவது சொல்லுவாங்களா? பச்சை வாடை போக வேணாமா? மூட்டை கட்டறதுக்கு முன்னாடி ஒரு பிரட்டு பிரட்டித்தானே ஆகணும்?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அவர் தலையில் இல்லை, என் தலையில். எங்கள் அம்மா வீட்டு மாவும் இதே வாசம்தான். கேழ்வரகு என்றாலே இந்த வாசம் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேனே தவிர, அது வாணலியின் வாசம் என்று தோன்றவே இல்லை. நிறம் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. கேழ்வரகு வறுத்தாலும் சிவப்பு, வறுக்காவிட்டாலும் சிவப்பு.

நொதி செத்துவிட்டது, இது பீருக்கு ஆகாது என்று விளக்கினேன். அக்காவின் முகம் மாறியது.

"வறுக்காமக் குடுத்தா என்னாகும் தெரியுமா? முதல்ல அப்படித்தான் குடுத்தேன். வாங்கினவங்க எல்லாம் திரும்பக் கொண்டாந்துட்டாங்க. உங்க மாவுல கஞ்சி நிக்கவே மாட்டேங்குது, தண்ணியா ஓடுதுன்னு தெருவுல நின்னு சொன்னாங்க. அன்னையிலேருந்து வறுக்காம ஒரு தானிய மணிகூட வெளிய போனதில்லை. நீங்க கடல் தாண்டி எடுத்துட்டுப் போறீங்க. பச்சையா அனுப்பினா என் பேரு என்னாகும்?"

கஞ்சியின் எந்த ஓட்டத்துக்காக நான் இத்தனை தூரம் வந்தேனோ, அதை நிறுத்துவதற்காகத்தான் இந்த அம்மாள் இவ்வளவு காலமாக வாணலியைப் புரட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அடுத்த மூட்டை முளைகட்ட நாள் இல்லை. ஹேமிஷின் தொட்டி காத்திருக்காது. மொய்ராவுக்கு என்ன சொல்வேன் என்று நினைத்தபோது நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. அக்கா அடுப்பை அணைத்துவிட்டு எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

கையில் டப்பா இருந்தது. வந்தது வந்தோம், கஞ்சி எப்படி ஓடுகிறது என்றாவது காட்டலாம் என்று, அக்காவின் வறுத்த மாவிலேயே கெட்டியாகக் கஞ்சி காய்ச்சச் சொன்னேன். கரண்டி நட்டால் நிற்கிற கஞ்சி. விரல் வைத்தால் சுரீர் என்கிற அளவுக்கு ஆறவிட்டு, மாமாவின் மாவில் ஒரே ஒரு கரண்டி போட்டுக் கலக்கினேன். அண்ணனும் ஷிஃப்ட் முடிந்து வந்து எட்டிப் பார்த்தார்.

கரண்டி சாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் கஞ்சி முழுவதும் ஓடத் தொடங்கியது.

"ஐயோ, பாருங்க, பாருங்க! இதுதான்! இதைத்தான் சொன்னேன்!" என்று அக்கா, திருடனைப் பிடித்துக் கொடுக்கிறவர் போலக் கத்தினார்.

நான் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். பிறகு அண்ணனிடம் நீட்டினேன். அவர் குடித்துவிட்டு, "இனிக்குதே. வாசமும் நல்லாருக்கே" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓடியது மாமாவின் மாவு மட்டுமில்லை. அக்காவின் வறுத்த மாவும் சேர்ந்து ஓடியிருந்தது. உயிருள்ளது கொஞ்சம் சேர்ந்தால், செத்ததும் சர்க்கரையாகிறது. வறுத்ததன் வாசம் அப்படியே இருக்க, வறுக்காததன் இனிப்பு மேலே. ஸ்காட்லாந்தில் பட்டறை மூலையில் முதல் மூட்டை இன்னும் அப்படியே கிடக்கிறது. அதற்கு வேண்டியது ஒரு பங்கு பச்சைக் கேழ்வரகு. அது ஸ்ரீரங்கத்தில் மாமா வீட்டு டின்னில் இருக்கிறது, அவர் இன்னொரு தரம் கஞ்சி காய்ச்சாமல் இருந்தால்.

மாமா காய்ச்சியிருந்தார். நான் திரும்பி வருவதற்குள் இன்னொரு பாத்திரம். "ஜலமா இருந்தாலும் நன்னாத்தான் இருக்கு. ஜீரணத்துக்கு லேசா இருக்கு" என்றார், வாயைத் துடைத்துக்கொண்டு. மிச்சமெல்லாம் எனக்கு வேண்டும் என்று சொன்னதும் டின்னைத் தன் பக்கம் லேசாக நகர்த்திக்கொண்டார். மொய்ராவைப் பற்றிச் சொன்னேன். கடையைத் தானே நடத்திக்கொண்டு, அதில் ஒரு வாய் குடிக்க முடியாத பெண்மணி என்று சொன்னேன். மாமா டின்னின் மூடியை அழுத்தி மூடினார்.

"தளிகை பண்ணறவா பட்டினியா இருக்கறதாவது" என்று டின்னை என் முன்னால் வைத்தார். "எடுத்துண்டு போ."

கிளம்புகிற அன்று அக்காவிடம் ஒரு லேபிள் கேட்டேன், முளைகட்டியது அவர்தானே என்று. வறுத்த மாவுக்கு எத்தனை வேண்டுமானாலும் தருவதாகச் சொன்னார். அந்தப் பச்சைக் கேழ்வரகு டின்னுக்கு மட்டும் முடியவே முடியாது. "அது மேல என் பேரு வேணாங்க. கஞ்சி நிக்காததுக்கு நான் பொறுப்பில்ல." வழிக்கு மணப்பாறை முறுக்கு ஒரு பை கட்டிக் கொடுத்தார்.

ஊருக்குத் திரும்பிய மறுநாளே தொட்டியைக் கழுவி, பழைய மூட்டையையும் மாமாவின் டின்னையும் சேர்த்துப் போட்டோம். ஹேமிஷ் கரண்டியில் எடுத்து ருசி பார்த்தார். மறுபடி பார்த்தார். "உள்ளே ஆள் வந்துவிட்டார்" என்றார். அதற்குமேல் நுரைத்து அடங்கும் வரை அவரும் பேசவில்லை, நானும் தூங்கவில்லை.

முதல் கிளாஸ் மொய்ராவுக்கு. கூடத்தில் கூட்டமில்லாத ஒரு மத்தியானம், அவருடைய கவுன்ட்டருக்குப் பின்னால் அவருடைய இடத்திலேயே நின்றுகொண்டு வாங்கினார். ஜெசிந்தா அக்காவை வீடியோவில் கூப்பிட்டு, போனை ஒரு பாட்டிலில் சாய்த்து வைத்திருந்தேன்.

மொய்ரா குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். இந்த வாசம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். அதை அக்காவுக்குச் சொன்னேன்.

"நான்தான் அப்பவே சொன்னேன்ல, பச்சை வாடையோட அனுப்பக் கூடாதுன்னு!" என்றார் அக்கா. பிறகு போனுக்குக் கிட்டே வந்து உற்றுப் பார்த்தார். "ஏங்க கவிதா, அந்தம்மா ஏன் கண்ணைத் துடைக்கிறாங்க? கசக்குதா?"

"இல்லக்கா. அவங்க கடையில அவங்க குடிக்கிற முதல் கிளாஸ் இதுதான்."

போனில் அக்காவுக்குப் பின்னால் பொன்மலைச் சங்கு ஊதுவது கேட்டது. அவர் எழுந்து போகவில்லை.

"இன்னொண்ணு ஊத்திக் குடுங்க" என்றார். "அடுத்த மூட்டையில பாதி வறுக்காமலே அனுப்பறேன். ரெண்டு பாதிக்கும் என் பேரைப் போட்டு."